மான்கள் காத்த வயல்

ஜனவரி, காலை

லண்டனின் தென்மேற்கே சுமார் 2,500 ஏக்கரில் விரிந்து கிடக்கும் ரிச்மண்ட் பூங்கா, பார்ப்பவர் கண்ணுக்கு ஆதிக்காடாகவே தோன்றும். உண்மையில் இதன் பெரும்பகுதி வயலாகவும் ஊர்ப் பொது மேய்ச்சல் நிலமாகவும் இருந்தது. 1625-இல் கொள்ளைநோய்க்கு அஞ்சி ரிச்மண்ட் அரண்மனைக்கு வந்த முதலாம் சார்லஸ் மன்னர், மான் வேட்டைக்காக இந்த நிலத்தை 1637-இல் சுற்றி வளைத்து மதில் எழுப்பினார். மதிலின் நீளம் ஏறக்குறைய 8 மைல்.

மதில் வந்தபின் பெரும்பகுதியில் ஏர் இறங்கவில்லை. அதனால்தான் இடைக்கால உழவின் தடம் அழியாமல் நிற்கிறது. சூரியன் தாழ்ந்திருக்கும் குளிர்காலக் காலையில் புல்வெளியில் மேடும் சாலும் நிழல் கோடுகளாக எழும். வெயில் ஏறினால் மறைந்துவிடும். அக்காலக் கலப்பை மண்ணை ஒரே பக்கமாகப் புரட்டியது. நீண்ட கீற்று நிலத்தைச் சுற்றிச் சுற்றி உழுததில், ஆண்டுக்கு ஆண்டு மண் நடுவில் குவிந்து மேடானது. மான்கள் புல்லை ஓயாமல் மேய்ந்து குட்டையாக வைத்திருப்பதால்தான் இந்த மெல்லிய ஏற்ற இறக்கம் இன்றும் கண்ணில் படுகிறது.

பிப்ரவரி

இங்கே தொல்லியல் சான்று மண்ணில் மட்டும் இல்லை. முதிய ஓக் மரங்கள் சில இடங்களில் வரிசை பிடித்து நிற்கின்றன. அவை பழைய வயல்வேலிகளின் எச்சம். மானின் வாய்க்கு எட்டாத உயரத்தில் கிளைகளை வெட்டித் தழைக்கவிட்டதால், தடித்த குட்டை அடிமரத்தின் மேல் கிளைகள் கொத்தாகக் கிளம்பியிருக்கும். வேலி போய்விட்டது, எல்லை தெரிகிறது.

மார்ச்

பெம்புரோக் மாளிகை அருகிலுள்ள ஹென்றி மன்னர் மேடு, வரலாற்றுக்கு முந்தைய ஈமமேடு என்று கருதப்படுகிறது. தன் மனைவி ஆன் பொலினின் தலை துண்டிக்கப்பட்ட செய்திக்காக எட்டாம் ஹென்றி இதன்மேல் காத்து நின்றார் என்ற கதைக்கு ஆதாரம் இல்லை. இங்கிருந்து 10 மைல் தொலைவிலுள்ள செயின்ட் பால் தேவாலயம் தெரிகிறது; அந்தக் காட்சியை மறைக்கும் கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு.

ஏப்ரல்

பூங்காவின் வரலாற்றில் மன்னர்களைவிட முக்கியமானவர் ரிச்மண்டின் பீர் தயாரிப்பாளர் ஜான் லூயிஸ். 1751-இல் பூங்கா நிர்வாகத்தை ஏற்ற இளவரசி அமேலியா பொதுமக்களுக்கு வாயிலை அடைத்தார். லூயிஸ் வழக்காடி 1758-இல் நடைவழி உரிமையை மீட்டார். வாயில் வேண்டுமா, மதிலேறும் ஏணி வேண்டுமா என்ற கேள்விக்கு அவர் ஏணியையே கேட்டார். கதவைப் பூட்டிவிடலாம் அல்லவா? ஏணியின் படிகள் அகல இடைவெளி விட்டு அமைக்கப்பட்டபோது, முதியோரும் சிறுவரும் ஏறும்படி திருத்த நீதிபதி மைக்கேல் ஃபாஸ்டர் உத்தரவிட்டார்.