நான்காவது கம்பி



இந்த வாரம் என் தவறு ஒன்றை உங்கள் முன் அறிக்கையிட விரும்புகிறேன். உங்களில் சிலர் இந்தக் கதையின் முதற்பாதியை ஆராதனைக்குப் பின் தேநீர் மேசையருகே கேட்டிருப்பீர்கள். அப்போது நான் அதைத் தவறாகச் சொல்லவில்லை, பெருமையாகவே சொன்னேன்.

நம் சபைக் குடும்பம் ஒன்று அண்மையில் வாடகை வீட்டைவிட்டு, நியூ ஜெர்சியிலேயே சொந்த வீட்டுக்குக் குடியேறியது. புதுவீட்டு ஜெபம் முடிந்து உணவருந்தியபின் வீட்டுக்காரர் என்னைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துச் சென்றார். பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த துணி உலர்த்தி அங்கே சும்மா நின்றது. அதன் மின்வடத்தில் மூன்று முனைகள். சுவரிலோ நான்கு துளைகள். "மூன்று நாளாகத் துணி ஈரமாகவே கிடக்கிறது, ஐயா. யாரையாவது அழைக்க வேண்டும்" என்றார். "இதற்கு ஆள் எதற்கு? வடத்தை மட்டும் வாங்கி வையுங்கள்" என்றேன். என் தகப்பனார் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்தவர். சிறுவயதிலேயே திருப்புளி பிடித்த கை என்னுடையது என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு.

இந்த முனைக் கணக்கு நம்மில் பலரைக் குழப்புகிறது. இந்நாட்டு வீடுகளுக்குள் 120 வோல்ட் மின்சாரம் ஏறிய இரு கம்பிகள் வருகின்றன. அவ்விரண்டுக்கும் இடையே 240 வோல்ட். உலர்த்தியின் வெப்பச்சுருள் 240-இல் இயங்குகிறது. அதே பெட்டிக்குள் உருளையைச் சுழற்றும் மோட்டாருக்கு 120 போதும். ஆகவே அந்த மின்னோட்டம் திரும்பிச் செல்ல நியூட்ரல் என்னும் வெள்ளைக் கம்பி வேண்டும். முற்காலத்தில் அந்த நியூட்ரலையே உலர்த்தியின் இரும்புப் பெட்டியோடும் இணைத்து, எர்த் வேலையையும் அதற்கே கொடுத்துவிட்டார்கள். மூன்று முனை வந்தது அப்படித்தான். அமெரிக்கத் தேசிய மின் விதித்தொகுப்பின் 1996-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், புதிதாக இழுக்கப்படும் உலர்த்திச் சுற்றுகளுக்கு எர்த் தனிக் கம்பியாக வரவேண்டும் என்றாயிற்று.

மறுநாள் சென்றேன். 30 ஆம்பியர் இரட்டை பிரேக்கரை அணைத்தேன். உலர்த்தியின் பின்புறச் சிறு மூடியைத் திறந்து பழைய வடத்தைக் கழற்றினேன். புதிய வடத்தின் கறுப்பையும் சிவப்பையும் இரு ஓரத் திருகுகளிலும், வெள்ளையை நடுத்திருகிலும், பச்சையைப் பெட்டியின் உலோக உடலிலிருந்த பச்சைத் திருகிலும் மாட்டினேன். தகட்டின் விளிம்பு வடத்தை அறுக்காதபடியும், யாரேனும் இழுத்தால் திருகுகளில் இழுவை விழாதபடியும் கவ்வியைப் பொருத்தினேன். இதுவரை எல்லாம் சரி. பிரேக்கரைப் போட்டதும் உருளை சுழன்றது, வெப்பக்காற்று வந்தது. அந்த வீட்டின் மூன்று வயதுச் சிறுமி ஓடிவந்து, வெதுவெதுப்பான கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

இதைத்தான் தேநீர் மேசையருகே விவரித்துக்கொண்டிருந்தேன். நம் சபையில் மின்பணி செய்யும் சகோதரர் ஒருவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நடுத்திருகையும் பெட்டியையும் இணைத்திருந்த பட்டையைக் கழற்றினீர்களா, ஐயா?"

எந்தப் பட்டை என்று நான் கேட்டதிலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மூன்று முனை வடம் பொருத்திய உலர்த்தியில் நியூட்ரலுக்கும் பெட்டிக்கும் இடையே ஓர் இணைப்பு இருக்கும். சிலவற்றில் அது சிறு உலோகப் பட்டை, சிலவற்றில் வெள்ளைக் கம்பி. நான்கு முனை வடம் மாட்டும்போது அதை நீக்கியே ஆகவேண்டும். நீக்காவிட்டால், மோட்டாரிலிருந்து திரும்பும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு பச்சைக் கம்பியிலும் ஓடும். ஒருநாள் வெள்ளைக் கம்பி விடுபட்டால் முழுச் சுமையும் பச்சையின்மேல் விழும். உலர்த்தி வழக்கம்போல் ஓடும், பிரேக்கரும் விழாது, ஒருவருக்கும் தெரியாது. பின்பு பச்சையும் தளர்ந்தால் இரும்புப் பெட்டி முழுவதும் 120 வோல்ட் ஏறி நிற்கும். பக்கத்திலேயே எர்த் செய்யப்பட்ட சலவை இயந்திரம். ஒரு கை அதிலும் மறு கை இதிலும் பட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லி முடிக்குமுன் எனக்கு அந்தக் கன்னம்தான் கண்முன் வந்தது.

வீட்டுக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். பிரேக்கரை உடனே அணையுங்கள், உலர்த்தியைத் தொடவேண்டாம், தவறு என்னுடையது என்றேன். பிரசங்கபீடத்தில் தாராளமாக வரும் என் வார்த்தைகள் அந்த அழைப்பில் வரவில்லை. அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

அன்று பிற்பகல் சகோதரரும் நானும் சென்றோம். வடத்தைச் சுவரிலிருந்து பிடுங்கி, அதன் நியூட்ரல் முனையில் ஒரு கம்பியும் பெட்டியின் உலோகத்தில் மறு கம்பியுமாக மீட்டரை வைத்தார். அது கீச்சென்று ஒலித்தது. திருப்புளியை என்னிடமே கொடுத்தார். பட்டையைக் கழற்றினேன். மீண்டும் வைத்தார்; ஒலி இல்லை. திருகுகளையும் சரிபார்த்தார், நான் இறுக்கியதாக எண்ணிய சிவப்பு இன்னும் கால் சுற்று இறங்கியது. தளர்ந்த திருகு சூடேறி வடத்தையே கருக்கிவிடும் என்றார்.

உங்கள் வீட்டுச் சுவரில் மூன்று துளைகளே இருந்தால் அதற்கேற்ற மூன்று முனை வடத்தையே மாட்டுங்கள்; அப்போது அந்தப் பட்டை அதன் இடத்தில் இருக்கவேண்டும். சுவருக்குள் நான்காவது கம்பி இல்லாமல் நான்கு துளை பிளக் பாயிண்டை மட்டும் மாற்றிவைக்காதீர்கள். அது இல்லாத காவலை இருப்பதாகக் காட்டும். சந்தேகம் இருந்தால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். தயவுசெய்து என்னை அழைக்காதீர்கள்.

உலர்த்தி மறுபடியும் சுழலத் தொடங்கியதும் சிறுமி படியிறங்கி வந்தாள். அவள் தாய் தோளைப் பிடித்து நிறுத்தி, "இப்போது தொடலாமா, ஐயா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் சகோதரரைப் பார்த்தேன். அவர் மீட்டரைப் பைக்குள் வைத்தபடி தலையசைத்தார்.