சாயத் தொட்டியருகே பிறக்கும் கற்பனை



பெருநாள் துணி எடுக்கக் கடைக்குச் செல்கிறோம். விரித்துப் போட்ட துணிகளில் ஒன்று கண்ணைக் கவர்கிறது. விலை கேட்கிறோம், சாயம் போகுமா என்று கேட்கிறோம். இந்த வேலைப்பாடு யாருடைய உள்ளத்தில் உதித்தது, அவர் எதைப் பார்த்து இதை அமைத்தார் என்று மட்டும் நாம் கேட்பதில்லை. அந்தக் கேள்வியோடு இம்மாதம் உங்களைக் குஜராத்தின் மேற்குக் கோடியிலுள்ள கட்ச் மாவட்டத்திற்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

புஜ் நகரிலிருந்து கிழக்கே பச்சாவ் செல்லும் சாலையில் சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது அஜ்ரக்பூர். வழி நெடுக வறண்ட நிலம். இராமநாதபுரத்துக்காரர்களுக்கு நன்கு அறிமுகமான சீமைக் கருவேல முள் அங்கும் மண்டிக் கிடக்கிறது. ஊருக்குள் நுழைந்ததும் முதலில் உங்களை வரவேற்பது ஓசை. நீண்ட மேசைகளின் முன் நின்றபடி, சாயத்தில் தோய்த்த மர அச்சைத் துணியின்மேல் வைத்து, கையால் ஓங்கித் தட்டுகிறார்கள். பட்டறைக்குப் பட்டறை அந்த ஒலி மாறிமாறிக் கேட்கும். வெளியே திறந்த வெளியில் நீலமும் சிவப்புமாய்த் துணிகள் வெயிலில் கிடக்கும்.

இங்கு வாழ்வோர் கத்ரி முஸ்லிம்கள். ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன் கட்ச் மன்னரின் அழைப்பை ஏற்றுச் சிந்துவிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய குடும்ப வரலாறு. ஓடும் நீர் வேண்டும் என்பதற்காகச் சாரண் ஆற்றங்கரையில் தமட்கா என்னும் ஊரில் குடியமர்ந்தார்கள். அவர்கள் அச்சிடும் துணிக்கு அஜ்ரக் என்று பெயர். நீலத்தைக் குறிக்கும் 'அஸ்ரக்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பர். தொழிலாளர்களோ வேறொரு விளக்கம் சொல்லிச் சிரிக்கிறார்கள்: 'ஆஜ் ரக்', அதாவது, இன்றைக்கு அப்படியே வைத்திரு! ஒவ்வொரு கட்டத்துக்கும் துணியை ஒரு நாளாவது கிடக்க விட வேண்டியிருப்பதால் இந்த விளக்கமும் பொருந்தவே செய்கிறது.

எத்தனை கட்டங்கள் என்கிறீர்களா? துணியை அலசி, ஆமணக்கு எண்ணெயும் சோடாவும் ஒட்டகச் சாணமும் கலந்த நீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவதில் தொடங்குகிறது. பிறகு கடுக்காய்ச் சாறு. அதன்மேல் சுண்ணாம்பும் கருவேலம் பிசினும் கலந்த கலவையால் கோடுகள் அச்சாகின்றன. இது பூசிய இடத்தில் சாயம் ஏறாது. கறுப்புக்குப் பழைய இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு நாள்கணக்கில் புளிக்க வைத்து, புளியங்கொட்டை மாவு சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். சிவப்புக்குப் படிகாரம் அச்சிட்டு, மஞ்சிட்டியில் கொதிக்க விடுகிறார்கள். நீலத்துக்கு அவுரித் தொட்டி. கடுக்காய், புளியங்கொட்டை, வெல்லம், படிகாரம் என்று பார்த்தால் நம் வீட்டுப் பாட்டிமார்களின் கைமருந்துப் பெட்டியும் அடுக்களையும் சேர்ந்ததுபோல் இருக்கிறது. அவுரியும் நமக்கு அந்நியமன்று. திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் அது பயிராகி நீலக் கட்டிகளாகிறது.

இவ்வளவு பாடுபட்டு உருவாகும் துணியை முன்பு யார் வாங்கினார்கள் என்று அறிந்தால் வியப்பீர்கள். செல்வர்கள் அல்லர், மால்தாரிகள் எனப்படும் கால்நடை மேய்ப்போர். இடுப்பில் கைலியாகவும், தலையில் பாகையாகவும், தோளில் துண்டாகவும் அணிந்தார்கள். அதை விரித்து உணவு உண்டார்கள். குழந்தைக்குத் தொட்டில் கட்டினார்கள். துணியைப் பார்த்தே இன்ன சமூகத்தார் என்று அறிந்துகொள்ளும் வழக்கமும் இருந்தது. அக்காலத்தில் அச்சிடுபவருக்குக் கற்பனை எங்கிருந்து வரும் என்ற கேள்வியே எழவில்லை. வாங்குபவர் முன்னால் வந்து நின்றார். அவர் வேண்டியதை இவர் அறிவார். பாதாம், பேரீச்சை என்று கண்ணில் பட்ட பண்டங்களின் பெயர்களே அச்சு வகைகளுக்கும் அமைந்தன.

பின்னர் ஆலைகள் மலிவான செயற்கை இழைத் துணிகளில் அதே கோலங்களை அச்சடித்து விற்கத் தொடங்கின. மேய்ப்பர்கள் அதற்கு மாறினார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. பாதி விலையில் கிடைப்பதை ஏழை வேண்டாம் என்பானா? இரசாயனச் சாயங்களும் பட்டறைக்குள் புகுந்தன. அந்த வேளையில் முஹம்மது சித்தீக் கத்ரி என்ற பெரியவர், மறைந்துகொண்டிருந்த இயற்கைச் சாய முறைகளை 1970களில் மீட்டெடுத்துத் தம் மக்கள் அப்துர் ரஸ்ஸாக், இஸ்மாயீல், அப்துல் ஜப்பார் மூவருக்கும் கற்றுக்கொடுத்தார். துணி பிழைத்தது. ஆனால் வாங்குபவர் இப்போது நகரத்தில் இருந்தார். அவருடைய முகம் தெரியாது. நகரத்திலிருந்து வடிவமைப்பாளர்கள் வந்து, இப்படிச் செய், அப்படிச் செய் என்று படம் வரைந்து கொடுத்தார்கள். கை கத்ரியுடையது, பெயர் மற்றவருடையது. நான்கு நூற்றாண்டுத் தொழிலறிவு உள்ளவர் கூலிக்கு அச்சடிப்பவராகிவிட்டார். இது எனக்கு ஆலைப் போட்டியைவிடப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

அதற்கிடையே 2001 ஜனவரி 26 காலையில் பூமி அதிர்ந்தது. தமட்காவின் வீடுகளும் பட்டறைகளும் தரைமட்டமாயின. பல குடும்பங்கள் உறவுகளை இழந்தன. ஊரின் நிலத்தடி நீரிலும் இரும்புச் சத்து மிகுந்து, சிவப்புச் சாயம் மங்கத் தொடங்கியது. எனவே குடும்பங்களில் ஒரு பகுதியினர் கூடி, புது நிலம் வாங்கிக் குடியேறிய ஊரே அஜ்ரக்பூர். இஸ்மாயீல் கத்ரி இதில் முன்னின்றார். 2003ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலுள்ள டி மான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது.

நம் கேள்விக்கு விடை சொன்ன மாற்றம் 2005இல் நிகழ்ந்தது. ஜூடி ஃப்ரேட்டர் என்ற அமெரிக்கப் பெண்மணி, பரம்பரைக் கைவினைஞர்களுக்கென்றே கலா ரக்ஷா வித்யாலயா என்ற வடிவமைப்புப் பள்ளியைக் கட்சில் தொடங்கினார். 2014இல் சோமையா கலா வித்யா என்ற பள்ளி அதே வழியில் தொடர்ந்தது. ஓராண்டுப் படிப்பு; ஒரு தடவைக்கு இரண்டு வாரமே வகுப்பு; பின்பு வீட்டுக்குப் போய்த் தொழிலைப் பார்த்துக்கொண்டே பாடத்தைச் செய்து வரவேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வகுப்புகள். பட்டப்படிப்பு இல்லாதவர்களும் தாய்மொழியில் கற்கலாம். நிறம், வடிவம், சந்தை என்று படித்த பின், ஒரு கருப்பொருளைத் தாமே தேர்ந்து அதிலிருந்து ஒரு தொகுப்பைத் தயாரிக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல்! கருப்பொருளுக்கு எங்கே போவது? பாரிஸ் நகரப் பத்திரிகைகளைப் புரட்டுவதா? அவர்கள் புரட்டியது தங்கள் வீட்டுப் பரணைத்தான். பாட்டனார் காலத்து அச்சுக் கட்டைகள் அங்கே அடுக்கிக் கிடந்தன. தினமும் பார்த்த கட்டையைப் புதிதாய்ப் பார்க்கக் கற்றார்கள். ஒரே அச்சின் மேல் இன்னோர் அச்சைச் சற்றே விலக்கி வைத்தால் என்ன ஆகும்? துணி முழுவதையும் நிரப்பும் வழக்கத்தை விட்டுப் பாதியை வெறுமையாக விட்டால்? சிறிய நட்சத்திரத்தைப் பெரிதாக்கினால்? பள்ளிவாசலின் சாளரக் கிராதியில் வெயில் விழுந்து தரையில் படரும் நிழலைப் பாருங்கள். அஜ்ரக்கின் கட்டமும் அதுவும் ஒரே கணக்கில் அமைந்தவை என்பது விளங்கும். உயிருள்ளவற்றின் உருவங்களைத் தவிர்த்து, வட்டத்தையும் கோணத்தையும் கொண்டே முடிவில்லாத வகைகளைப் படைத்த முன்னோரின் கலை அது. கட்டுப்பாடு கற்பனையைக் குறுக்கும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அஜ்ரக்பூரைப் பார்த்த பின்பும் அவ்வாறு எண்ண முடியுமா என்பது ஐயமே.

பழைய துணிகளும் ஆசான்களே. எகிப்தின் கெய்ரோ அருகே ஃபுஸ்தாத் என்ற பழைய நகரின் இடிபாடுகளில், பல நூற்றாண்டுகளுக்கு முன் குஜராத்திலிருந்து கப்பலேறிய அச்சுத் துணிகளின் துண்டுகள் கிடைத்தன. அவற்றில் ஒரு பெருந்தொகுப்பு ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்த நீலமும் சிவப்பும் அஜ்ரக்பூர்த் துணிக்கு உறவென்று பார்த்ததுமே தெரியும். இஸ்மாயீலின் மக்கள் சுஃப்யானும் ஜுனைதும் தங்களைப் பத்தாம் தலைமுறையினர் என்கிறார்கள். இன்று அவர்கள் தம் வடிவங்களைத் தம் பெயராலேயே உலகுக்கு அளிக்கிறார்கள்.

சகோதரிகள் கேட்கலாம்: அங்கே பெண்களுக்குப் பங்கில்லையா? அச்சுமேசை ஆண்களுடையதாகவே இருந்து வந்திருக்கிறது. ஆனால் கத்ரிப் பெண்கள் வீட்டு முற்றத்தில் அமர்ந்து பாந்தனி முடிச்சுகளை இடுகிறார்கள். கடுகளவு துணியை நகநுனியால் தூக்கி, நூலால் இறுக்கிக் கட்டுவர். சாயமிட்டு முடிச்சைப் பிரித்தால் ஆயிரமாயிரம் புள்ளிகள்! மணப்பெண்ணுக்கான சந்த்ரோகானி என்ற முக்காட்டில் அப்புள்ளிகள் நிலவைப் போல் வட்டமாய்த் திரளும். நேர்த்தியாய் முடிந்த துணிக்குக் கூலி எவ்வளவு கிடைக்கிறது என்பதைப் பற்றி அப்பெண்களிடம் கேளுங்கள். அது வேறொரு கட்டுரைக்குரிய செய்தி.

கட்ச் அஜ்ரக்கிற்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனினும் திரை அச்சில் அடித்த போலிகள் அஜ்ரக் என்ற பெயரிலேயே கடைகளில் குவிகின்றன. வாங்குமுன் துணியைத் திருப்பிப் பாருங்கள். போலியின் பின்புறம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். அச்சுகள் சேருமிடத்தில் மயிரிழை பிசகாமல் எல்லாம் ஒன்றுபோல் இருந்தால் ஐயப்படுங்கள். கையால் தட்டியது எங்கேனும் சற்று விலகும்.

போக விரும்புவோர் கார்த்திகை முதல் மாசி வரையிலான குளிர்காலத்தில் செல்லலாம். ஊருக்கு அருகிலேயே 2016இல் திறக்கப்பட்ட கைவினை அருங்காட்சியகம் ஒன்று உண்டு; அதற்குத் தனியாக அரைநாள் ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமையானால் ஜும்ஆ நேரத்தில் மேசைகள் அமைதியாகிவிடும். தொழுகை முடிந்து திரும்பியதும் அவுரித் தொட்டியருகே நில்லுங்கள். உள்ளிருந்து தூக்கும்போது துணி பசுமஞ்சளாக இருக்கும். காற்றுப் பட்டதும் உங்கள் கண்ணெதிரிலேயே, ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல, நீலமாகும்.