கடைமடை வரை

தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு ஜவுளிக்கடை. நான்கு பில் கவுண்டரிலும் வரிசை வாசற்படி வரை நிற்கிறது. ஒரு ரசீது வெளிவரப் பன்னிரண்டு நொடி ஆகிறது. இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண், கைமாற்றிக் கைமாற்றிக் குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார்.

“தம்பி, கம்ப்யூட்டர இன்னொருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாப்பமா?” என்று பழுது பார்க்க வந்த என்னிடம் கேட்டார் முதலாளி. காலையிலிருந்து இரண்டு முறை அப்படிச் செய்தாகிவிட்டது. வியாபாரம் நின்றதுதான் மிச்சம்.

“வேணாம்ணே, ஓடட்டும். ஓடுறப்பத்தான் பாக்க முடியும்.”

இது அப்பாவிடம் கற்ற பாடம். எங்களுக்குக் கண்மாய்ப் பாசனம். கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்றால் அப்பா மடையை அடைக்க மாட்டார். டார்ச்சும் மண்வெட்டியுமாக வாய்க்கால் கரையோடு நடப்பார். தண்ணீர் போகும்போதுதான் நண்டு வளை கசிவது தெரியும். அடைத்துவிட்டுத் தேடினால் எல்லாக் கரையும் நல்ல கரைதான். கம்ப்யூட்டரை அணைத்துப் போடும்போதும் அதேதான் நடக்கிறது. கோளாறின் தடயம் பெரும்பாலும் அழிந்துபோகிறது.

சர்வர் உபுண்டு லினக்ஸில் ஓடியது. டாப் கட்டளையில் சிபியு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. ஒரு பெயர் தலைகாட்டுகிறது, மறைகிறது. யார் ஓடுவது என்பதை மட்டும்தான் டாப் காட்டும். அது எந்தக் கோப்பில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று சொல்லாது. ஓடுகிற லினக்ஸுக்குள் எட்டிப் பார்க்கும் கருவியான பிபிஎஃப்டிரேஸில் ஒரே ஒரு வரி எழுதினேன். எந்தப் புரோகிராம் எந்தக் கோப்பைத் திறந்தாலும் இரண்டின் பெயரையும் காட்டு என்பது அதன் பொருள்.

திரையில் பெயர்கள் கொட்டின. ரசீதை பிடிஎஃப் ஆக்கும் புரோகிராம் ஒவ்வொரு ரசீதுக்கும் புதிதாகக் கிளம்புகிறது. ஒரு ஃபாண்ட் கோப்பைத் திறக்கிறது, அடுத்தது, அதற்கடுத்தது என்று நூற்றுக்கணக்கில் போகிறது. எல்லாம் தமிழ் ஃபாண்ட். ரசீதில் கடைப்பெயர் அழகாக வரட்டும் என்று போன வாரம் யாரோ ஒரு பெரிய தொகுப்பையே அந்த ஃபோல்டரில் போட்டிருக்கிறார்கள். ஃபாண்ட் பட்டியலைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். பட்டியலை எழுதி வைத்துக்கொள்ள ரசீது புரோகிராமுக்கோ அனுமதி கிடையாது. ஆகவே ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எண்ணுகிறது. வேலை முடிந்ததும் எண்ணிக்கை அதோடு போய்விடுகிறது. ஊகித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் இந்த இடத்துக்கு நான் வந்திருக்கவே மாட்டேன். நெட்வொர்க்கையும் பிரிண்டரையும்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

கோப்பு திறப்பதைப் பார்க்க லினக்ஸின் மையமான கெர்னலிலேயே தயாராக ஒரு இடம் விட்டிருக்கிறார்கள். அப்படி விடாத இடத்திலும் எட்டிப் பார்க்க வழி செய்தது 2004இல் லினக்ஸில் சேர்ந்த கேப்ரோப்ஸ். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் நாம் சொல்லும் இடத்தில் ஒரு பைட்டை மட்டும் மாற்றி வைக்கும். சிபியு அங்கே வந்ததும் ஒரு கணம் நின்று, நாம் கேட்டதைக் குறித்துக்கொண்டு, மூலக் கட்டளையை நிறைவேற்றிவிட்டு மேலே போகும். நாம் விலகியதும் பழைய பைட் திரும்பி வந்துவிடும். அதைக் கட்டியவர்களில் பெங்களூரு ஐபிஎம்மில் இருந்த பிரசன்னா பஞ்சமுகியும் ஒருவர். இதையே பயனர் புரோகிராம்களுக்கும் நீட்டிய யூப்ரோப்ஸில் ஸ்ரீகர் துரோணம்ராஜுவின் உழைப்பு பெரிது; அது 2012இல் லினக்ஸுக்குள் வந்தது. நம் பக்கத்து மாநிலத்தில் இருந்தவர்களின் கையும் பட்ட வேலை இது. கல்லூரியில் யாரும் எனக்குச் சொல்லவில்லை என்ற வருத்தம் இன்றும் உண்டு.

ஓடும்போதே பார்ப்பது என்ற இந்தச் சிந்தனைக்கு முழு உருவம் கொடுத்தது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் டிடிரேஸ். பிரையன் கான்ட்ரில், மைக் ஷாபிரோ, ஆடம் லெவன்தால் மூவரும் உருவாக்கியது. 2005இல் அந்நிறுவனத்தின் இயங்குதளமான சோலாரிஸ் 10உடன் வெளிவந்தது. வியாபாரம் நடக்கிற கணினியிலேயே அஞ்சாமல் ஓட்டலாம் என்பதுதான் அவர்கள் கொடுத்த வாக்கு. முடியாமல் சுழலக்கூடிய ஸ்கிரிப்டை எழுதவே அதில் இடமில்லை. லினக்ஸில் பிபிஎஃப்டிரேஸும் அப்படித்தான்: நாம் எழுதிய வரியைக் கெர்னல் முதலில் சோதிக்கும்; அது சுழலாமல் முடியும், தொடக்கூடாத நினைவகத்தைத் தொடாது என்று உறுதியானால்தான் உள்ளே விடும். டிடிரேஸின் வலிமையைக் காட்ட, 2008இல் சன் பொறியாளர் பிரெண்டன் கிரெக் ஹார்ட் டிஸ்க் அடுக்கு ஒன்றின் முன் நின்று உரக்கக் கத்தினார். டிஸ்க் தாமதமாவது திரையில் கோடாக எழும்பியது. சத்தத்தின் அதிர்வு டிஸ்க்கைத் தடுமாறவைப்பதைக் கண்ணுக்குக் காட்டிய அந்த வீடியோவை நான் எத்தனை முறை போட்டுப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

பட்டியலைப் புதுப்பிக்க ஒரே ஒரு கட்டளை போதுமாக இருந்தது. அதே பிபிஎஃப்டிரேஸ் வரியை மறுபடி ஓட்டினேன். ஒரு ரசீதுக்கு விரல்விட்டு எண்ணும் கோப்புகள்தான் திறந்தன. அந்தப் பெண் ரசீதை வாங்கிக்கொண்டு நகர்ந்தார். கன்ட்ரோல் சி அழுத்தி வெளியே வந்தேன்.

இரவு அப்பாவிடம் போனில் சொன்னேன். கெர்னல், ஃபாண்ட் எதையும் அவர் கேட்கவில்லை.

“எங்கய்யா கசிஞ்சிருந்துச்சு?” என்று மட்டும் கேட்டார்.