லொறிக்குக் கீழே ஒரு மட்டை

2022 ஜூன் கடைசியில டீசல் லீற்றர் 460 ரூபாய்க்குப் போனது. காசு குடுத்தாலும் கிடைக்கேல்லை. எங்கட பழைய கன்டர் லொறி முற்றத்து மாமரத்துக்குக் கீழ ஐந்து கிழமை அசையாமல் நின்றது. கியூ.ஆர். முறை வந்த பிறகு அப்பா நீர்வேலிக்குப் போய் வாழைக்குலை ஏத்தி இறக்கிவிட்டு வந்தார். அன்றிரவு லொறிக்குக் கீழே மண்ணில கறுப்பாய் ஒரு வட்டம்.

கராஜ்காரர் வந்து சரிஞ்சு படுத்துப் பார்த்தார். எஞ்சினும் கியர்பொக்ஸும் சேருற இடத்தில ஒயில் சொட்டிக்கொண்டிருந்தது. "பின் சீல் போட்டுது. கியர்பொக்ஸை இறக்கி, கிளட்ச், பிளைவீல் எல்லாம் கழட்டவேணும்" என்றார். அவர் சொன்ன தொகையைக் கேட்டு அம்மா தன்ர கையைப் பார்த்தா. மிச்சமிருந்தது ஒரு சோடிக் காப்பு. மற்றதெல்லாம் ஏற்கெனவே அடைவில.

நாங்கள் என்றால் அக்காவும் தங்கச்சியும். ஒருத்தி கலைப்பீடம், மற்றவள் ஏ.எல். எழுதக் காத்திருந்தவள். பொம்பிளைப் பிள்ளையளை லொறிக்குக் கிட்ட விடாத அப்பா, கிட்டப் பார்வை மங்கின பிறகு ரோச் பிடிக்க மட்டும் கூப்பிடுவார். அன்றும் ரோச்சுக்குத்தான் போனோம்.

"முதல்ல கழுவுங்கோ" என்றார். மண்ணெண்ணெய் அப்ப கண்ணால காண ஏலாத சாமான். சுடுதண்ணியும் சவர்க்காரத் தூளும் பழைய பிரஷும்தான். வருஷக்கணக்கான ஊத்தை. தேய்க்கத் தேய்க்க, ஒயில் விழுற இடத்தைப் பார்த்துச் சீலைக் குற்றம் சொன்னது அவசரமோ என்று எங்களுக்கே பட்டது. ஒயில் எங்கே கசிஞ்சாலும் வழிஞ்சு கீழுக்குத்தானே வரும்.

எஞ்சின் காய்ந்ததும் பின்பக்கம் முழுக்க பேபி பவுடர் தூவினோம் (அப்பாவின்ர யோசனை, எங்கட பவுடர்). பத்து நிமிஷம் ஸ்ராட்டில விட்டுப் பார்த்தால், வெள்ளைக்கு மேல கறுப்பாய் ஒரு கோடு. அது சீலில இருந்து வரேல்லை. மேல, டப்பெட் கவரின்ர பின் ஓரத்தில தொடங்கி, எஞ்சின் முதுகால இறங்கி, கராஜ்காரர் காட்டின அதே இடத்தில போய்ச் சொட்டியது.

கஸ்கற் போயிருக்கு, சரி. ஆனால் நேற்றுவரை தாங்கினது இண்டைக்கு ஏன் விட்டது? எஞ்சின் ஓடேக்க அப்பா ஒயில் ஊத்துற மூடியைத் திறந்தார். புகை புஸ் புஸ் எண்டு அடிச்சது. பழைய எஞ்சினில பிஸ்டன் றிங் தேய்ஞ்சு கொஞ்சக் காற்று கீழுக்குப் போகும். அது வெளியேற ஒரு மூச்சுக்குழாய் இருக்கு. அந்தக் குழாய் வாயைத் தடவினால் கல்லுப்போல மண். லொறி நின்ற ஐந்து கிழமைக்குள்ள குளவி கூடு கட்டியிருக்கு. வெளியேற வழியில்லாத காற்று பலவீனமான இடத்தால ஒயிலைத் தள்ளியிருக்கு. ஓடித் தேய்ஞ்ச லொறியைப் பழுதாக்கினது, அது ஓடாமல் நின்ற காலம்.

கூட்டைக் குத்தி எடுத்தோம். கவரைக் கழட்டினால், பழைய ரப்பர் கஸ்கற் பப்படம்போல முறிஞ்சது. "தடைக் காலத்தில கலண்டர் மட்டையில வெட்டிப் போட்டனாங்கள்" என்றார் அப்பா. கேட்டால் இன்னும் சொல்லியிருப்பார். நாங்கள்தான் ரவுணுக்குப் போற அவசரத்தில கேக்கேல்லை. புதுக் கஸ்கற் அடைவுக்கடைப் பக்கம் போகத் தேவையில்லாத விலை. நட்டுகளை நாங்கள் முழுப் பலத்தோட இறுக்க, "பிதுங்கப் போகுது, விடுங்கோ" என்று கத்தினார். ரப்பரை மிஞ்சி நசிச்சால் அதுவே கசியுமாம்.

இரவு லொறிக்குக் கீழ மட்டை ஒன்றை வைத்தோம். விடிய ரோச்சோட போய்ப் பார்த்தால் இரண்டு சொட்டு. முழுசாய் நிக்கேல்லை. அப்பா மட்டையை இழுத்துப் பார்த்து, "காணும்" என்று சொல்லிவிட்டு நீர்வேலிக்குப் போனார். அம்மா காப்போட தேத்தண்ணி ஊத்தினா.

குழாய் வாயில நுளம்புவலைத் துண்டைக் கட்டினோம். அதுவும் அடைக்கும் எண்டு அப்பா அவிழ்த்து எறிஞ்சார். இப்ப ஞாயிற்றுக்கிழமைகளில ஈர்க்கு ஒன்றை விட்டுக் குத்திப் பார்க்கிறது எங்கட வேலை.