ஒவ்வொரு பீசுக்கும் ஆஃப்செட்

புனே பக்கம் போசரி எம்ஐடிசி தொழிற்பேட்டையில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்துநாலு வருஷம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். புதிதாகச் சேரும் ஆபரேட்டர் பையன்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: "ஒவ்வொரு பீசுக்கும் ஆஃப்செட்டை மாத்தாதே."

சிஎன்சி லேத்தில் கடைந்த ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் பிடிக்கிறான். நாலு மைக்ரான் கூட. உடனே மெஷினில் ஆஃப்செட்டை நாலு மைக்ரான் குறைக்கிறான். அடுத்த பீஸ் மூணு மைக்ரான் குறைச்சல். திரும்பக் கூட்டுகிறான். சாயங்காலம் பார்த்தால் ரிஜெக்‌ஷன் தொட்டி நிரம்பியிருக்கும், பையன் வியர்த்துப்போய் நிற்பான். போருக்குப் பிந்திய ஜப்பானுக்குத் தரக்கட்டுப்பாடு சொல்லிக்கொடுத்த டெமிங் இதை ஒரு புனலை வைத்தே காட்டிவிடுவார். மேஜையில் ஒரு புள்ளி, அதற்கு நேர்மேலே புனல், அதன் வழியாகக் கோலிக்குண்டைப் போட வேண்டும். புனலைத் தொடாமல் போட்டுக்கொண்டே இருந்தால் குண்டுகள் புள்ளியைச் சுற்றி ஒரு சின்ன வட்டத்துக்குள் விழும். போன குண்டு எவ்வளவு விலகியதோ அவ்வளவுக்குப் புனலை எதிர்ப்பக்கம் நகர்த்தி நகர்த்திப் போட்டால், பாடப்புத்தகம் பரவற்படி என்று சொல்லும் அளவு இரண்டு மடங்காகும். சரி செய்கிறேன் என்று கை வைப்பதாலேயே கெடுகிறது. எந்த மெஷினுக்கும் அதற்கென்று ஒரு இயல்பான ஆட்டம் உண்டு. அதற்குள் இருக்கிறவரை அதை விட்டுவிட வேண்டும்.

இதை நூறு பேருக்காவது சொல்லிக்கொடுத்திருப்பேன். வீட்டுக்குப் போய் என் மகனிடம் நேர்மாறாக நடந்தேன்.

எங்கள் டூல் ரூமில் ஒரு சர்தார்ஜி இருந்தார். என்னைவிட எட்டு வயது பெரியவர். புனேயில் வடக்கத்திக்காரர் எல்லோரும் தமிழனைக் கூப்பிடுவதுபோல அவரும் என்னை 'அண்ணா' என்பார். நான் அவரை 'பாஜி' என்பேன். பாஜி என்றாலும் பஞ்சாபியில் அண்ணன்தான் என்று எனக்குத் தெரிய இரண்டு வருஷம் ஆனது. அதுவரை, என் மனைவி நினைத்த மாதிரியே, பாவ் பாஜியோடு ஏதோ சம்பந்தம் என்றிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு அகுர்டி குருத்வாராவுக்குப் போக ஆரம்பித்தது அவர் ஸ்கூட்டர் ரிப்பேரான ஒரு நாளில். என் பைக்கில் கொண்டுபோய் விட்டேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் சீக்கியன் ஆகிவிடவில்லை, இன்றும் கிருத்திகைக்கு முருகன்தான். ஆனால் அந்த ஊர்ப் பக்கமே ஒரு மாதிரி கலப்பு. தேஹுவிலிருந்து கிளம்பும் துக்காராம் பால்கி என்னும் பல்லக்கு ஊர்வலம், தேஹுவைத் தாண்டி முதல் ராத்திரி தங்குவது அகுர்டியில்தான். அதோடு நடக்கிற வார்க்கரிகள் தலைமேல் வைக்கிற நாமதேவரின் பதங்கள் 61, சீக்கியர்கள் குருவாகவே கும்பிடும் குரு கிரந்த சாஹிபுக்குள் இருக்கின்றன. "உங்க மகாராஷ்டிரக்காரர் எங்க குருவுக்குள்ள உட்கார்ந்திருக்கார்" என்று எங்கள் மராத்தி சூப்பர்வைசரைப் பாஜி வம்புக்கிழுப்பார்.

அந்தக் குருத்வாராவில்தான் 'ஹுக்கம்' என்ற சொல் என் காதில் விழுந்தது. நம் ஆட்களுக்கு இப்போது 'ஜெயிலர்' பாட்டால் அந்தச் சொல் தெரியும். படத்தில் அது ரஜினியின் மிரட்டல். சீக்கியத்தில் அது உலகம் இயங்குகிற ஒழுங்கு. குரு நானக்கின் ஜப்ஜி என்ற பாடலில் முப்பத்தெட்டு பௌடிகள், அதாவது பத்திகள். முதல் பௌடியே பொய்யென்னும் சுவரை எப்படி உடைப்பது என்று கேட்டு, ஹுக்கத்தின்படி நடந்தால் உடையும், அது நம்மோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது என்று பதிலும் சொல்லிவிடுகிறது. அடுத்த பௌடி, எல்லாமே அதற்கு உட்பட்டது, வெளியே எதுவும் இல்லை, இதைப் புரிந்தவன் வாயில் 'நான்' வராது என்கிறது.

'எழுதப்பட்டிருக்கிறது' என்று பாஜி விளக்கியதும் எனக்குக் கோவில்பட்டியில் என் ஆச்சி நெற்றியில் விரலால் கோடு இழுத்துக் காட்டுவது ஞாபகம் வந்தது. ஓ, தலையெழுத்து! இது நமக்குத் தெரிந்த சரக்குதானே என்று மேற்கொண்டு கேட்கவில்லை. பல வருஷம் அப்படியே விட்டுவிட்டேன்.

மகனுக்கு வருவோம். அவன் கல் பொறுக்குகிறவன். புனேயைச் சுற்றியுள்ள கருங்கல் எரிமலைக் குழம்பு உறைந்தது. அதன் பொந்துகளுக்குள் படிகங்கள் வளர்ந்திருக்கும். வாகோலி குவாரிகளில் காவன்சைட் என்று மயில்கழுத்து நீலத்தில் ஒன்று கிடைக்கும், உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் தேடுகிற கல். அப்படி ஒரு துணுக்கு அவனிடம் இருந்தது. ஒரு ஷூ பெட்டி நிறைய வைத்திருந்தான். பதினொன்றாம் வகுப்பில் ஜேஇஇ கோச்சிங்கில் சேர்த்தேன். முதல் தேர்வில் மார்க் குறைந்தது, கோச்சிங்கை மாற்றினேன். அடுத்ததில் கொஞ்சம் கூடியது. இன்னும் கூடட்டும் என்று கூடுதலாக ஒரு பிசிக்ஸ் டியூஷன். மறுபடி குறைந்தது, காலை நாலு மணிக்கு எழுப்பினேன். ஒன்றரை வருஷத்தில் மூன்று கோச்சிங், ஐந்து கால அட்டவணை. ஒரு தீபாவளி ஒழுங்குபடுத்தலில் அந்த ஷூ பெட்டியைக் கார்ப்பரேஷன் குப்பை வண்டியில் போட்டேன். அவன் கேட்டதற்கு, "கல்லுதானே" என்றேன். அதற்குப் பிறகு அவன் என்னிடம் எதையுமே கேட்பதை நிறுத்திக்கொண்டான். படிப்பில் கவனம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்!

2018 ஏப்ரலில் தேர்வு. அன்று காலை அமிர்தசரஸ் பொற்கோயிலின் அன்றைய ஹுக்கம்நாமாவை, அதாவது கிரந்தத்தில் அன்றைக்கு வந்த பதத்தை, போனில் இந்தி விளக்கத்தோடு படித்தேன், ராசிபலன் படிக்கிற மாதிரி. கவலையை விடு என்கிற மாதிரி ஏதோ இருந்தது. பாஸ் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ரிசல்ட் வந்தபோது கட்-ஆஃபுக்குப் பக்கத்தில்கூட இல்லை. இரண்டு நாள் கழித்துக் கேன்டீனில் பாஜியிடம், ஒருவித பெருமிதத்தோடேயே சொன்னேன்: "ஹுக்கம், பாஜி. நம்ம கையில என்ன இருக்கு?"

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணா, மூணு கோச்சிங் மாத்தினப்ப யார் கை? பெட்டியை வண்டில போட்டப்ப யார் கை? அதெல்லாம் நீங்க. விழுந்தப்ப மட்டும் மேல இருக்கிறவனா?"

நான் ஏதோ முனகினேன். அவர் விடவில்லை. ஜப்ஜியின் இருபதாவது பௌடியைச் சொல்லிப் பொருள் சொன்னார். கையில் அழுக்கென்றால் தண்ணீர், துணியில் அழுக்கென்றால் சோப்பு, மனசில் படிந்ததற்கு நாமம் என்று தொடங்குகிறது அது. நீ விதைத்ததை நீயே தின்பாய் என்று போகிறது. வருவதும் போவதும் ஹுக்கத்தால் என்று முடிகிறது. விதைப்பவன் நீ என்பதும் எல்லாம் ஹுக்கம் என்பதும் ஒரே பௌடியில், பக்கத்துப் பக்கத்தில். என் ஆச்சியின் தலையெழுத்தில் முதல் பாதி கிடையாது. இரண்டாம் பாதியை மட்டும் நான் பிடித்துக்கொண்டிருந்தேன், அதுவும் எனக்கு வசதியான நேரத்தில்.

"குருவைப் போன்ல ஜோசியம் கேட்டீங்களா?" என்று அப்புறம் சிரித்தார். குருத்வாராவில் முதலில் அர்தாஸ்: வேண்டுவதையெல்லாம் வேண்டி, எல்லோருக்கும் நல்லது நடக்கட்டும் என்று முடிப்பார்கள். அதற்குப் பிறகுதான் கிரந்தத்தைத் திறந்து ஹுக்கம் எடுப்பது. கேட்டாயிற்று, இனி வாயை மூடிக்கொண்டு கேள் என்ற வரிசை. திறக்கிற பக்கத்தில் இடது மேல்மூலையில் உள்ள பதத்தை வாசிக்க வேண்டும். அந்தப் பதம் முந்தின பக்கத்தில் தொடங்கியிருந்தால், பக்கத்தைப் பின்னால் திருப்பி, தொடக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும்.

"உங்க பையன் விஷயத்துல நீங்க பின்பக்கம் திருப்பல, அண்ணா" என்றார்.

அந்த வாரம் எனக்குத் தூக்கமில்லை. டெமிங்கின் புனலும் ஹுக்கமும் ஒன்றென்று நான் சொல்ல மாட்டேன். பாஜி கேட்டால் உதைப்பார். ஆனால் லேத்தின் இயல்பான ஆட்டத்துக்குக் கொடுத்த மரியாதையைப் பெற்ற பிள்ளைக்குக் கொடுக்கவில்லை என்பது உறைத்தது. 'ஹௌமை' என்று அவர்கள் சொல்வது, நான்-நான் என்கிற அந்த நச்சரிப்பு, ஆஃப்செட் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்த என் விரல்தான். கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதும் இல்லை இது. டூல் உடைந்தால் மெஷினை நிறுத்தத்தான் வேண்டும். எது ஆட்டம், எது உடைசல் என்று தெரிவதுதான் கஷ்டம். நான் உடைத்தது ஒரு ஷூ பெட்டியில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை குருத்வாராவின் பொதுச் சமையலான லங்கரில் சப்பாத்தி உருட்ட உட்கார்ந்தேன். அங்கே அதற்குப் பர்ஷாதா என்று பெயர். தரக்கட்டுப்பாட்டு ஆள் இல்லையா, என்னுடையது வட்டமாக வரவில்லை என்று கிழித்துக் கிழித்துத் திரும்ப உருண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் என் கையிலிருந்து கோணல் சப்பாத்தியை வாங்கித் தவாவில் போட்டார். அது உப்பியது. பந்தியில் யாரோ ஒருவர் இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டார், ஓரத்தைப் பார்க்கவே இல்லை.

பாஜி விடிவதற்கு முன் எழுந்து குளித்து ஜப்ஜி, சாயங்காலம் ரெஹ்ராஸ், படுக்கும்முன் சோஹிலா என்று ஒரு நாள் தவறாமல் சொல்கிறவர். எனக்கு அவ்வளவு வராது. ஒன்று மட்டும் பழக்கினேன்: யார்மேலாவது கை வைத்துத் திருத்தப்போகும்போது, முந்தின பக்கத்தைத் திருப்பினேனா என்று கேட்டுக்கொள்வது. பத்துக்கு ஆறு தடவை மறந்துவிடுகிறது.

மகன் ஜியாலஜி படித்தான். இப்போது நாசிக் பக்கம் நிலத்தடி நீர் பார்க்கிற வேலை, சம்பளம் சுமார்தான். போன மாதம் வந்திருந்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம், ஆறு வருஷமாக ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். "அந்தக் கல்லையெல்லாம் நான் தூக்கிப் போட்டிருக்கக் கூடாதுடா. தப்பு என்மேலதான்."

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தான்.

"அதுல நீலம் ஒண்ணுதாம்ப்பா நல்ல கல்லு" என்றான். பிறகு, "தோசை ஆறுது. நீங்களும் உக்காருங்க."