மரை கழலாத கேஸ்

யாரையாவது 'மரை கழண்ட கேஸ்' என்று திட்டியிருக்கிறீர்களா? இனிமேல் திட்டாதீர்கள். மரை கழல்வது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது எனக்குத்தான் தெரியும். ஒரே ஒரு மரையைக் கழற்ற ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகளைத் தத்தம் செய்தவன் நான்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் நிற்கிறது. 1968 மாடல். இங்கிலாந்தில் 1959-ல் 'ட்ரையம்ஃப் ஹெரால்ட்' என்று பிறந்து, 1961-லிருந்து நம்ம மெட்ராஸிலேயே தயாரான வண்டி. டிசைன் செய்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, ஹெட்லைட் சகிதம் முன்பக்கம் மொத்தமும் முதலை வாய் மாதிரி திறந்துகொள்ளும். பாடியும் ஒரே வார்ப்பு இல்லை. துண்டு துண்டாக சேஸிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கியது. அதாவது, ஒரு ஸ்பேனர் செட் இருந்தால் மொத்தக் காரையும் பிரித்துவிடலாம் என்பது தியரி. தியரி எழுதிய ஆசாமி, குரோம்பேட்டை மழையில் 2006-லிருந்து நின்ற காரைப் பார்த்ததில்லை.

அப்பா அதை 1986-ல் செகண்ட் ஹாண்டாக வாங்கினார். 1989-ல் ஆஸ்பத்திரியிலிருந்து என்னை வீட்டுக்குக் கொண்டுவந்ததே அதில்தான். ரிட்டயர்டு ஹெட் கிளார்க்கான அவருக்கு இரண்டு கனவு. ஒன்று, ஹெரால்ட் மறுபடி ஓட வேண்டும். இரண்டு, பிள்ளை ஆடிட்டர் ஆக வேண்டும். நான் பி.காம். முடித்து, ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்து, 2017-ல் 'எழுதப் போகிறேன்' என்று ராஜினாமா செய்தேன். ஆக, இரண்டு கனவுமே ஷெட்டில் நின்றுவிட்டன.

அன்றிலிருந்து எங்கள் பேச்சுவார்த்தை அம்மா வழியாகத்தான். "அவனைச் சாப்பிட வரச் சொல்லு" என்பார். அவருக்கு எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் பழைய இரும்புக்காரர் வந்து, காரைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிலோ கணக்கில் விலை சொன்னார். அப்பா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அன்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவன் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா தோள் துண்டால் காரின் டாஷ்போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். மணி பதினொன்றரை.

மறுநாளே போய் ஸ்பேனர் செட் வாங்கிவிட்டேன். அங்கேதான் முதல் தப்பு. நான் வாங்கியது மில்லிமீட்டர் செட். ஹெரால்டோ இன்ச் ஜாதி. அரை இன்ச் என்றால் 12.7 மில்லிமீட்டர். 13-ம் நம்பர் ஸ்பேனர் என்னவோ ஜோராகத்தான் உட்கார்ந்தது. பில்லில் ஐம்பது பைசாவை ரவுண்ட் ஆஃப் செய்தே பழகிய மூளை அல்லவா? 0.3 மில்லிமீட்டர்தானே என்று தம் கட்டி ஒரு இழு இழுத்தேன். ஸ்பேனர் வழுக்கி, என் முட்டி சேஸிஸில் இடித்து, நட்டின் முனைகளும் மழுங்கிவிட்டன. அதுவும் ரவுண்ட் ஆஃப்!

அந்த நட்டு இருந்த இடம் அப்படி. பின் சீட்டுக்கு அடியில், பாடியை சேஸிஸோடு பிடிக்கும் போல்ட்டு. எந்தக் காலத்திலோ ஒரு மெக்கானிக் தன் சௌகரியத்துக்குச் செய்த ஏற்பாடு. தலை காருக்கு உள்ளே, நட்டு காருக்கு அடியில். கை நுழையாத சந்து. மல்லாக்கப் படுத்து, ஒரு கண்ணால் பார்த்து, விரல் நுனியால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

டி.வி. விளம்பரம் மாதிரி டபிள்யூ.டி.-40 டப்பாவை வாங்கி அடித்தேன். 1953-ல் அமெரிக்காவில் 39 தடவை தோற்று 40-வது தடவை ஜெயித்ததால் அந்த 40 என்று அந்தக் கம்பெனிக்காரர்கள் கதை சொல்வார்கள். நான் 40 தடவை அடித்தும் ஜெயிக்கவில்லை. கடைசியில் புதுப்பேட்டைக்குப் போய், பழைய வண்டிகளிலேயே நரைத்த ஒரு பாயிடம் சரணடைந்தேன்.

"தம்பி, அது முக்கியமா தண்ணியை விரட்டுற ஐட்டம். இறுகின போல்ட்டுக்குன்னே தனி ஆயில் இருக்கு. துரு என்ன பண்ணும் தெரியுமா? இரும்பைத் தின்னுட்டு ரெண்டு மடங்குக்கு மேல ஊதும். மரைக்குள்ள இருக்கிற சந்தையெல்லாம் அடைச்சிரும். பலம் காட்டினா போல்ட்டு முறியும், துரு அசையாது. மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி தாஜா பண்ணணும்."

தாஜா செய்யும் முறையையும் சொல்லிக் கொடுத்தார். முதலில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மரையைச் சுத்தம் செய். ஆயில் விடு. சுத்தியலால் பட்டும் படாமலும் தட்டு. அந்த அதிர்வில்தான் ஆயில் உள்ளே இறங்கும். ராத்திரி முழுக்க ஊற விடு. மறுநாள் மறுபடி விடு. கழற்றும்போது எடுத்த எடுப்பில் தளர்த்தாதே. ஒரு நூல் இறுக்கு. துருவின் பிடி விட்ட பிறகு தளர்த்து. கொஞ்சம் தளர்ந்ததும் மறுபடி இறுக்கு. அசைத்து அசைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஏழு ஞாயிறு ஊற வைத்தேன். ஊறுகாயாக இருந்தால் பரிமாறியிருக்கலாம். எட்டாவது ஞாயிறு பாயே கேஸ் டார்ச்சோடு வந்தார். வந்தவுடன் பற்ற வைக்கவில்லை. பெட்ரோல் டாங்க்கை முதலில் இறக்கச் சொன்னார். உள்ளே இருந்த கார்ப்பெட், ஸ்பாஞ்ச், ஆயில் துணி எல்லாவற்றையும் தூரப் போடச் சொன்னார். பக்கத்தில் இரண்டு வாளி மணல். அப்புறம்தான் நட்டைச் சுட வைத்தார். சூட்டில் நட்டு கொஞ்சம் விரியுமாம். கொஞ்சம் ஆறியதும் ஒரு மெழுகுவர்த்தியை வைத்துத் தேய்த்தார். உருகிய மெழுகு மரைக்குள் சர்ரென்று இறங்கியது. மழுங்கிய நட்டை அரத்தால் ராவி 12-ம் நம்பர் ரிங் ஸ்பேனரைத் தட்டி உட்கார வைத்தார். இழுத்தால், நட்டோடு போல்ட்டும் சேர்ந்து சுற்றுகிறது!

"உள்ள ஒரு ஆள் தலையைப் பிடிச்சிக்கணும் தம்பி. ரெண்டு ஆள் வேலை. அடுத்த வாரம் வீட்டு ஆளை வச்சே முடிச்சிடுங்க" என்று கிளம்பிவிட்டார்.

ஒன்பதாவது ஞாயிறு. அம்மாவைக் கூப்பிட்டேன். "எனக்கு முட்டி வலி" என்றவள், உள்ளே திரும்பி, "உங்களைத்தான் கூப்பிடறான்" என்றாள். நான் கூப்பிடவே இல்லை.

அப்பா வந்தார். கையில் பழைய பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம். வேட்டியை மடித்துக் கட்டி, காருக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிரித்தார். அரை இன்ச் ரிங் ஸ்பேனர்! எண்ணெய் போட்டு, ஒரு பொட்டு துரு இல்லாமல். அத்தனை வருஷமாக பீரோவில்தான் இருந்திருக்கிறது. நான் கேட்டிருந்தால் நட்டும் மழுங்கியிருக்காது, என் முட்டியும் தப்பியிருக்கும். யார் கேட்டது?

அவர் மேலே, நான் கீழே. நடுவில் ஒரு தகடு. பாய் சொன்னபடி முதலில் ஒரு நூல் இறுக்கினேன்.

"டேய், இறுக்கற!"

2017-க்கு அப்புறம் அப்பா என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

"தெரியும்பா. முதல்ல இறுக்கித்தான் தளர்த்தணும். பாய் சொன்னார்."

"ம்ம்... கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

"அப்ப இழு."

இழுத்தேன். க்ரீச்ச்ச்! கால் சுற்று. செங்கல் பொடி மாதிரி துரு கொட்டியது. மறுபடி இறுக்கி, மறுபடி தளர்த்தி, அரைச் சுற்று. தகட்டின் ஓட்டை வழியாக அப்பா குரல் வந்தது.

"போன மாசம் மளிகைக் கடையைப் பத்தி எழுதியிருந்தியே..."

ஸ்பேனரை விட்டுவிட்டேன்.

"கூட்டல் தப்பு. 387 இல்ல. 397."

நான் எழுதுவதையெல்லாம் அவர் படிக்கிறார் என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. தொண்டையை ஏதோ அடைத்தது. துருவாகத்தான் இருக்கும்.

"ரவுண்ட் ஆஃப் பண்ணிட்டேம்ப்பா."

மேலே சிரிப்புச் சத்தம் மாதிரி ஏதோ கேட்டது. நட்டு கழன்று என் நெஞ்சின் மேல் விழுந்தது.

அம்மா காபியோடு வந்தாள். "அவனுக்கும் ஒரு டம்ளர் குடு" என்று பழக்க தோஷத்தில் ஆரம்பித்த அப்பா, பாதியில் நிறுத்தி, ஓட்டைப் பக்கம் குனிந்தார்.

"டேய், காபி வேணுமா?"

அந்தப் போல்ட்டு இப்போது என் மேஜையில் பேப்பர் வெயிட். அந்தக் கூட்டலைப் பிறகு போட்டுப் பார்த்தேன். 397-தான். காரில் இன்னும் ஏகப்பட்ட போல்ட்டுகள் பாக்கி. கார் எப்போது ஓடும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். எங்களுக்கு அவசரமில்லை.