கேளாமல் கொடுத்த ஊர்கள்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பயணம் செய்யும் அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். சிறிது தொலைவு புதுச்சேரி மண், அடுத்துத் தமிழ்நாடு, மீண்டும் புதுச்சேரி. ஒட்டுப்போட்ட துணிபோல் கிடக்கும் இந்நிலப்பரப்பை இங்குப் பிறந்தோர் இயல்பென்றே கொள்கின்றனர். வெளியூர் விருந்தினர்தாம் "ஏன் இப்படி?" என்று வினவுகின்றனர். விடை தேடப் புகுந்தால், ஐரோப்பியர் இம்மண்ணில் காலூன்றிய வரலாற்றிடமே நாம் சென்று சேர்கிறோம்.

பிரெஞ்சுக் கும்பெனியார் முதலில் இடம் கேட்டு வந்தவர்களே. பீஜப்பூர் சுல்தானின் சார்பில் இப்பகுதியை நிர்வகித்த ஷேர்கான் லோடி இசைவளித்ததன்பேரில், 1674-ஆம் ஆண்டு பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் குடியேறினார். அன்று வேண்டப்பட்டது வணிகத்துக்குக் கடலோரத்தில் ஓர் இடம். முக்கால் நூற்றாண்டு கழிந்ததும் நிலைமை மாறிற்று. 1749-இல் ஆம்பூர்ப் போரில் பிரெஞ்சுப் படையின் துணையால் வெற்றி பெற்ற சந்தா சாகிப், அவ்வுதவிக்குக் கைம்மாறாக வில்லியனூர், பாகூர் பகுதிகளைக் கும்பெனிக்கு வழங்கினார். ஏரும் ஏரியும் வயலும் களமும், அவற்றில் உழைத்த மனிதரும் ஒருசேரக் கைமாறினர்.

ஊர்களைத் தானமாகக் கொடுப்பது ஐரோப்பியர் கண்டுபிடித்த வழக்கமன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில் பாகூரிலிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் வழங்கப்பட்ட செய்தியை, 1879-இல் வெளிப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள் உரைக்கின்றன. அக்கொடையிலும் உழுதவன் கருத்துக் கேட்கப்பட்டதென்று சொல்வதற்கில்லை. எனினும் அவ்வூர்களின் விளைச்சல் இங்கேயே கல்வியாக மலர்ந்தது. 1749-ஆம் ஆண்டுக் கொடையோ படை உதவிக்கு ஈடாகத் தரப்பட்ட விலை. அடுத்து வந்ததும் போரே. 1752-இல் பாகூர் வெளியில் ஆங்கிலேயப் படையும் பிரெஞ்சுப் படையும் மோதின. 1760-இல் வில்லியனூர் ஆங்கிலேயர் வசமாயிற்று. மறு ஆண்டு புதுச்சேரி வீழ்ந்தது. வென்றவர், தோற்றவர் பெயர்கள் நூல்களில் உள. மிதிபட்ட பயிருக்கு உரியவன் பெயர் எந்நூலிலும் இல்லை.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. 1783 செப்டம்பர் 3-ஆம் நாள் பிரான்சு நாட்டின் வெர்சாய் நகரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் உடன்படிக்கை செய்துகொண்டனர். அமெரிக்க விடுதலைப் போரையொட்டி இவ்விரு நாட்டாரும் நடத்திய போரை முடித்துவைத்த உடன்படிக்கை அது. அதில் நம் வில்லியனூரும் பாகூரும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. புதுச்சேரியைச் சூழ்ந்த உடைமையாக அவ்விரண்டையும் பிரான்சுக்குப் பெற்றுத் தருவதாக ஆங்கில அரசு வாக்களித்தது. கடல்கள் பல கடந்து ஒரு மாளிகையில் தம் ஊர் கைமாறிய அந்நாளில், நம் முன்னோர் ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்திருப்பர். ஒருவரும் அவர்களைக் கேட்கவில்லை.

இங்குத் திருச்சபையும் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். 1493-இல் ஆறாம் அலெக்சாந்தர் திருத்தந்தை, கொலம்பஸ் கண்டுவந்த தொலைநாடுகளை, அங்கே மக்கள் வாழ்ந்திருந்தும், ஸ்பெயின் அரசர்க்கு உரிமையாக்கித் திருமடல் விடுத்தார். அத்தகைய மடல்களைச் சான்றாகக் காட்டியே அமெரிக்கப் பூர்வகுடிகளின் நிலங்கள் பறிக்கப்பட்டன. 2022-இல் கனடா சென்ற திருத்தந்தை பிரான்சிஸ், கிறிஸ்தவர் பலர் அப்பூர்வகுடிகளுக்கு இழைத்த தீமைக்காக மன்னிப்பு வேண்டினார். 2023 மார்ச் 30-ஆம் நாள், 'கண்டுபிடித்தவனுக்கே உரிமை' என்னும் அக்கோட்பாட்டை வத்திக்கான் வெளிப்படையாக மறுத்தது. ஐந்நூறு ஆண்டுகள் கடந்தேனும் உண்மை சொல்லப்பட்டது நன்றே.

விவிலியத்தில் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை நாம் அறிவோம். ஆகாபு அரசன் கொடியவன். ஆயினும் முதலில் அவன் நாபோத்தைக் கேட்டான். முன்னோரின் உரிமைச் சொத்தைத் தரமாட்டேன் என்று மறுக்கும் வாய்ப்பேனும் நாபோத்துக்குக் கிடைத்தது. வில்லியனூர் உழவனுக்கும் பாகூர் உழவனுக்கும் அதுவும் வாய்க்கவில்லை.

அந்த வாய்ப்பு 1954 அக்டோபர் 18-ஆம் நாள் வந்தது. வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூர் என்னும் சிற்றூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். இந்தியாவோடு இணைய 170 பேர் இசைந்தனர், எண்மர் மறுத்தனர். நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி கைமாறியது. கீழூர் நினைவு மண்டபத்தைக் கடந்து செல்லுந்தோறும் நம் உள்ளத்தில் எழுவது அந்த 170 மட்டுமன்று. எண்மரின் மறுப்பும் எண்ணப்பட்டதே என்னும் நிறைவு. வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்குமிடத்தில்தான் இசைவு என்பதற்குப் பொருள் உண்டு.

இதனைத் திருச்சபை திருமண அருளடையாளத்தில் நமக்குக் கற்பித்து வருகிறது. பெற்றோர் பேசி முடித்து, பந்தலிட்டு, உறவினர் கூடியிருப்பினும், பீடத்தின்முன் குருவானவர் மணமக்களை நேரில் கேட்கிறார். அவர்தம் மனமார்ந்த இசைவின்றித் திருமணம் செல்லாது. பீடத்தின்முன் கேட்கும் நாம் வீட்டில் கேட்கிறோமா? மகளின் வாழ்க்கையை அவளைக் கேளாமல் உறுதிசெய்கிறோம். உடன்பிறந்தவளைக் கேளாமல் பூர்வீக நிலத்தை விற்கிறோம். முதியவரைக் கேளாமல் அவர் எவர் வீட்டில் தங்குவதென முடிவுசெய்கிறோம். பங்கிலும் கூலிவேலை செய்வோரின் தெருவைப் பற்றிய முடிவுகள் அத்தெருவார் இல்லாமலே எடுக்கப்படுகின்றன. சந்தா சாகிபும் வெர்சாய் மாளிகையும் நம் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கக்கூடும்.

அன்புக் குடும்பத்தாரே, இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும், வீட்டில் எவருடைய கருத்தை இதுவரை கேட்டதில்லையோ அவரை அருகழைத்துக் கேளுங்கள். அவர் மறுத்துரைத்தாலும் பொறுமையோடு செவிகொடுங்கள்.